"எவ்வளவுல போற மாப்ள?": வேகம் நமக்குத் தெரியாமல் ஏறும் கதை

பைக் லைசென்ஸுக்கு எட்டுப் போட்ட நாள் எல்லோருக்கும் நினைவிருக்கும். காலைத் தரையில் ஊன்றக்கூடாது, கோட்டைத் தாண்டக்கூடாது, கிளட்சைப் பாதி பிடித்தபடி நத்தை மாதிரி ஊர்ந்து முடிக்க வேண்டும். நமக்கு வைக்கப்படும் தேர்வே மெதுவாக ஓட்டத் தெரியுமா என்பதுதான். கார் பயிற்சியிலும் இதே கதை. மூன்றாவது கியருக்கு மேலே கை போனால் பக்கத்தில் இருக்கும் பயிற்சியாளர் தன் பக்கத்து பிரேக்கை மிதித்துவிடுவார். ஆனால் லைசென்ஸ் கைக்கு வந்த மறுவாரமே நான்குவழிச் சாலையில் ஏறிவிடுகிறோம். எண்பதில் போகும்போது வண்டி எப்படி நடந்துகொள்ளும், நம் மூளை எப்படி நடந்துகொள்ளும் என்று ஒருவரும் சொல்லித் தந்ததில்லை.

எனக்கு அதைச் சொல்லித் தந்தது தாய்மாமா. லைசென்ஸ் வாங்கிய புதிதில் அவரை உட்கார வைத்துக்கொண்டு மதுரை உத்தங்குடியிலிருந்து ரிங் ரோட்டில் கப்பலூர் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். விரகனூர் தாண்டியதும் கேட்டார்.

"எவ்வளவுல போற மாப்ள?"

"அறுபது இருக்கும் மாமா."

"மீட்டரைப் பாரு."

தொண்ணூற்றிரண்டு.

நான் பொய் சொல்லவில்லை. அறுபதில் போவதாகத்தான் மனதார நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தக் கட்டுரை அந்த முப்பத்திரண்டைப் பற்றியது. வேகம் என்றதும் முன் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு பறக்கும் பையன்கள்தான் நம் நினைவுக்கு வருகிறார்கள். அவர்களுக்கு இதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. பிள்ளையைப் பள்ளியில் விட, கல்யாணத்துக்குப் போக, கடைக்குச் சரக்கு எடுக்க என்று ஒழுங்காக ஓட்டுகிற ஆட்களிடமும் வேகம் ஏறுகிறது. அவர்கள் யாரும் இன்று வேகமாகப் போகலாம் என்று முடிவு செய்து ஏறுவதில்லை. முடிவே செய்யாததால்தான் ஏறுகிறது.

கண் ஏமாற்றுகிற விதம்

நம் உடம்பில் வேகத்தை அளக்கும் உறுப்பு கிடையாது. வண்டி ஒரே வேகத்தில் போனால் உள்ளே இருப்பவருக்கு உடம்பால் ஒன்றும் தெரியாது. பார்வையின் ஓரங்களில் இருக்கும் பொருட்கள் எவ்வளவு விரைவாகப் பின்னால் ஓடுகின்றன என்பதை வைத்துத்தான் மூளை ஒரு மதிப்பு போடுகிறது. அதோடு எஞ்சின் சத்தம், காற்றின் இரைச்சல், வண்டியின் அதிர்வு.

மதுரையில் இதைச் சோதித்துப் பார்ப்பது சுலபம். மாசி வீதியில் இரண்டு பக்கமும் கடை, கடைக்கு முன்னால் நிறுத்திய பைக்குகள், அதற்கு முன்னால் தள்ளுவண்டி. அங்கே 25 கிலோமீட்டர் வேகத்தில் போனாலே பறக்கிற மாதிரி இருக்கும், ஏனென்றால் கைக்கெட்டும் தூரத்தில் எல்லாம் ஓடுகிறது. அதே வண்டியை ஒத்தக்கடை தாண்டி மேலூர் போகும் நான்குவழிச் சாலையில் விடுங்கள். இரண்டு பக்கமும் வெளி, மரங்கள் தள்ளி நிற்கும், தூரத்தில் மலை அசையாமல் கூடவே வரும். எண்பதில் போனாலும் நின்றுகொண்டிருப்பது போலத்தான் தோன்றும். சாலை அகலமாக ஆக நம் கணிப்பு கீழே இறங்குகிறது.

உயரமான வண்டியில் உட்கார்ந்தால் தரை இன்னும் தள்ளிப் போகும், வேகம் இன்னும் குறைவாகத் தெரியும். கண்ணாடியை ஏற்றி ஏசியைப் போட்டால் காற்றின் சத்தமும் போச்சு. பழைய மெட்டடார் வேன் ஓட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். எழுபதைத் தாண்டினால் கதவு, சீட்டு, டேஷ்போர்டு எல்லாம் சேர்ந்து கத்தும். வண்டியே எச்சரிக்கும். இன்றைய கார் நூறிலும் வீட்டுக் கூடம் மாதிரி அமைதியாக இருக்கிறது. வசதிதான், ஆனால் நமக்குச் சேதி சொல்லிக்கொண்டிருந்த ஒன்றை நிறுத்திவிட்டார்கள்.

இதற்கு மேல் இன்னொன்று இருக்கிறது: பழக்கம். ஒரு மணி நேரம் நூறில் போய்விட்டு அறுபதுக்கு இறங்கினால் நாற்பதில் போகிற மாதிரி இருக்கும். திருச்சியிலிருந்து வருபவர்கள் ஒத்தக்கடைக்குள் நுழையும்போது ஏன் அப்படி நுழைகிறார்கள் என்பதற்கு இதுதான் பாதிக் காரணம். அவர்கள் கணக்கில் அவர்கள் நன்றாகவே குறைத்துவிட்டார்கள்.

அறுபதுக்கும் எண்பதுக்கும் நடுவில்

இருபது கிலோமீட்டர் கூடினால் என்ன ஆகிவிடப் போகிறது என்ற கேள்வி நியாயமானதுதான். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்பதை 3.6-ஆல் வகுத்தால் நொடிக்கு எத்தனை மீட்டர் என்று வரும். 60 என்றால் நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர், 80 என்றால் 22 மீட்டர்.

திருமங்கலம் தாண்டிக் கள்ளிக்குடி பக்கம் போகிறீர்கள் என்று வையுங்கள். சென்டர் மீடியனில் விட்டிருக்கும் இடைவெளி வழியாக ஒருவர் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் புல்லுக்கட்டோடு குறுக்கே வந்துவிட்டார். உங்களுக்கும் அவருக்கும் நடுவே 37 மீட்டர். கண் பார்த்து, மூளை புரிந்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆகும். உஷாராக இருப்பவருக்கே அவ்வளவு. காரில் ஓடும் சினிமாப் பாட்டை மாற்றிக்கொண்டிருந்தால் இன்னும் கூட. அந்த ஒரு நொடியில் வண்டி துளியும் வேகம் குறையாமல் ஓடும்.

60-ல் வந்தவர் அந்த நொடியில் 17 மீட்டர் போய்விடுவார். அதன் பிறகு காய்ந்த ரோட்டில், நல்ல டயரில், முழு பிரேக் பிடித்தால் 20 மீட்டரில் வண்டி நிற்கும். மொத்தம் 37. புல்லுக்கட்டு தப்பித்தது. மூச்சு வாங்கும், ஒரு வசவு விழும், அவ்வளவுதான்.

80-ல் வந்தவர் அதே நொடியில் 22 மீட்டர் போய்விட்டார். மிச்சம் 15 மீட்டர்தான். அதே பிரேக், அதே டயர், அதே ரோடு. புல்லுக்கட்டை எட்டும்போது அவர் வேகம் எவ்வளவு இருக்கும்? இருபதுதானே கூட வந்தார், அதனால் இருபது இருக்கும் என்று தோன்றுகிறது. இல்லை. கிட்டத்தட்ட அறுபது. முதலாமவர் சுத்தமாக நின்றுவிட்ட இடத்தை இவர் அறுபதில் கடக்கிறார்.

முதல் முறை இந்தக் கணக்கைப் போட்டபோது எங்கோ தப்பாகிவிட்டது என்று நினைத்துத் திரும்பப் போட்டேன். தப்பில்லை. பிரேக் தின்ன வேண்டியது வேகத்தை அல்ல, ஓடும் வண்டி சுமக்கும் ஆற்றலை. அது வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்றபடி கூடும். 60-க்கும் 80-க்கும் வேகத்தில் மூன்றில் ஒரு பங்குதான் வித்தியாசம். ஆற்றலிலோ 36-க்கு 64, முக்கால் பங்குக்கும் மேல் கூடுதல். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கும் இதே திசையில்தான் போகிறது: ஒரு சாலையில் சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால், உயிர் போகும் விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம் கூடும்.

மழை பெய்து ரோடு நனைந்திருந்தால் மேலே சொன்ன மீட்டர்கள் எல்லாம் நீளும். அதிலும் கோடைக்குப் பிறகு வரும் முதல் மழை மோசம். மாதக்கணக்கில் படிந்த எண்ணெயும் புழுதியும் குழைந்து ரோடு வழுக்கும்.

சரி, இதற்கெல்லாம் பதிலாக எவ்வளவு நேரம் மிச்சம்? நத்தம் ரோட்டில் 2023-ல் திறந்த பறக்கும் பாலத்தையே எடுத்துக்கொள்வோம். தல்லாகுளத்திலிருந்து செட்டிக்குளம் வரை 7.3 கிலோமீட்டர். சிக்னல் இல்லை, குறுக்கே ஆடு இல்லை, அழுத்தச் சொல்லிக் கூப்பிடும் பாலம். 60-ல் போனால் 7 நிமிடம் 18 நொடி. 90-ல் போனால் 4 நிமிடம் 52 நொடி. முழுப் பாலத்தையும் தொண்ணூறில் ஓட்டி மிச்சம் பிடித்தது இரண்டரை நிமிடம்கூட இல்லை. தல்லாகுளத்தில் இறங்கிக் கோரிப்பாளையத்து நெரிசலைப் பார்த்து வண்டியைத் திருப்பினால் அந்த இரண்டரை நிமிடமும் அங்கேயே கரைந்துவிடும். பாலத்தில் உங்களைச் சீறிக்கொண்டு முந்தியவர் கோரிப்பாளையத்தில் உங்கள் பக்கத்திலேயே நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

கால் அல்ல, கிளம்பும் நேரம்

வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று மனதில் உறுதி எடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தெரியாமல் நடப்பதை உறுதிமொழி எப்படித் தடுக்கும்? தெரிய வைக்கிற மாதிரி சில சின்னப் பழக்கங்களை வைத்துக்கொள்வதுதான் வழி.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு மல்லிகை ஏற்றி வரும் வேன் டிரைவர் ஒருவர் எனக்குப் பழக்கம். பூ வியாபாரத்தில் நேரம்தான் விலை. விடிந்து தாமதமாகப் போய்ச் சேரும் மூட்டைக்கு என்ன மரியாதை என்று சொல்லத் தேவையில்லை. அவர் கண்டிப்பாகப் பறந்துதான் வருவார் என்று நினைத்து ஒருநாள் கேட்டேன். "அப்படியில்ல தம்பி. நாலு மணிக்கு எடுத்தா எழுபதுல போவேன். நாலேகாலுக்கு எடுத்தா தொண்ணூறுல போவேன், என் கால் அப்படி. அதனால மூணேமுக்காலுக்கே எடுத்துருவேன்" என்றார். தன் காலை நம்பாமல் கடிகாரத்தை நம்புகிறார். நாம் முகூர்த்தம் ஆறரைக்கு என்றால், புடவை மடிப்பு, மொய்க் கவர், சாவி தேடல் எல்லாம் முடித்து ஆறே காலுக்குக் கிளம்பி, அந்தக் கடனை ரோட்டில் அடைக்கப் பார்க்கிறோம். ஒரு சின்ன யோசனை: முகூர்த்தத்தை நினைக்காமல், வண்டியை எடுக்கும் நேரத்தை மட்டும் வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள்.

அடுத்தது மீட்டர். "அடிக்கடி பாருங்கள்" என்று சொன்னால் யாரும் பார்ப்பதில்லை. எதோடாவது முடிந்து வைத்தால் பார்ப்போம். நான் பாலத்தோடு முடிந்து வைத்திருக்கிறேன். எந்தப் பாலத்தில் ஏறினாலும் கண் ஒரு நொடி மீட்டருக்குப் போகும். ஊர்ப் பெயர்ப்பலகையோடு முடிந்து வைக்கலாம், யாரையாவது முந்தி முடித்ததும் பார்க்கலாம். இந்தக் கடைசி இடம் முக்கியம். முந்துவதற்காக ஏற்றிய வேகம் முந்திய பிறகு தானாக இறங்காது. லாரியைத் தாண்ட 95 போனோம், தாண்டி ஐந்து கிலோமீட்டர் ஆகியும் 95-லேயே இருக்கிறோம். என் அனுபவத்தில் வேகம் கூடுதலாக ஏறி நிற்கும் இடம் இதுதான். பார்ப்பதற்கு முன் மனதுக்குள் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுப் பாருங்கள். மாமா கேட்ட அதே கேள்விதான். நம் கணிப்பு எவ்வளவு பொய் என்று ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும்.

2019 ஜூலைக்குப் பிறகு தயாரான கார் என்றால் 80-ஐத் தாண்டினால் விட்டு விட்டுப் பீப் அடிக்கும், 120-ஐத் தாண்டினால் விடாமல் அடிக்கும். அந்தச் சத்தம் எரிச்சலாக இருக்கிறது என்று சிலர் மெக்கானிக்கிடம் சொல்லி அதைப் பிடுங்கிவிடுகிறார்கள். மெட்டடார் கதவு செய்த வேலையை இப்போது செய்வது இது ஒன்றுதான், விட்டு வையுங்கள். போனில் உள்ள மேப்பும் வேகத்தைக் காட்டும். அது வண்டி மீட்டரை விடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும், ஏனென்றால் மீட்டர்களைச் சற்றுக் கூட்டிக் காட்டும்படிதான் செய்கிறார்கள். அந்த இரண்டு மூன்று கிலோமீட்டரை வைத்து மனதுக்குள் பேரம் பேச வேண்டாம்.

ஊருக்குள் என்றால் கியர் நல்ல காவல்காரன். காளவாசல், பழங்காநத்தம் பக்கமெல்லாம் மூன்றாவது கியரிலேயே இருந்தால், வேகம் ஏறும்போது எஞ்சின் சத்தம் போட்டுச் சொல்லிவிடும். நான்காவதுக்கு மாற்றியதும் சத்தம் அடங்கும், வேகம் சத்தமில்லாமல் ஏறும். ஆட்டோமேட்டிக் வண்டிக்காரர்களுக்கு இந்த வசதி இல்லை.

முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் மூன்று நொடி இடைவெளி வேண்டும். மீட்டரில் அளக்கத் தேவையில்லை. முன் வண்டி ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டும்போது எண்ண ஆரம்பித்து, நாம் அதே கம்பத்தை எட்டும்போது மூன்று முடிந்திருக்க வேண்டும். மதுரையில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், மூன்று நொடி இடம் விட்டால் இரண்டு ஷேர் ஆட்டோ நுழையும். நுழையட்டும், திரும்பப் பின்வாங்கி இடம் விடுங்கள். பத்து ஆட்டோ நுழைந்தாலும் வீட்டுக்குப் போய்ச் சேர அரை நிமிடம்தான் கூட ஆகும். அந்த இடைவெளி பழகிவிட்டால் இன்னொரு லாபமும் உண்டு. முன்னால் சிவப்பு விளக்கு தெரிந்ததுமே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவோம், கடைசி நிமிடத்தில் மிதிக்க வேண்டியிருக்காது. பெட்ரோல் மிச்சம், பிரேக் மிச்சம்.

பின்னால் வந்து முட்டுகிற மாதிரி ஹைபீம் அடிப்பவர்கள்தான் பெரிய சோதனை. நம்மை அறியாமலே அவர் விரும்பும் வேகத்துக்கு நாம் ஓட்ட ஆரம்பிக்கிறோம். இண்டிகேட்டர் போட்டு இடது பக்கம் ஒதுங்கி, போங்கண்ணே என்று விட்டுவிடுவது ஒன்றுதான் மருந்து. அவரைப் போக விட்டதும் மீட்டரைப் பாருங்கள். வழக்கமாகப் போவதை விடப் பத்து கூட இருக்கும்.

இரவும் இருசக்கரமும்

டிம் லைட்டில் ரோடு தெளிவாகத் தெரிவது 40, 50 மீட்டர் வரைக்கும்தான். மேலே போட்ட அதே கணக்கில் 80-ல் போகும் வண்டி நிற்க ஏறத்தாழ 58 மீட்டர் வேண்டும். அதாவது வெளிச்சம் முடிகிற இடத்தில் ஒரு மாடு படுத்திருந்தால், பார்த்த பிறகு நிறுத்த வழியே இல்லை. தை மாதம் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் இரவில் ரோட்டோரம் நடந்துகொண்டிருப்பார்கள். எல்லோருடைய பையிலும் ஒளிரும் ஸ்டிக்கர் இருக்காது. அறுவடைக் காலத்தில் மேலூர்ப் பக்கத்துக் கிளைச் சாலைகளில் பாதி ரோட்டில் நெல் காயும், இரவில் அதைச் சுற்றிக் கல் வைத்து மூடியிருப்பார்கள். இந்தச் சாலைகளில் இரவு வேகத்தை ரோடு அல்ல, விளக்குதான் முடிவு செய்ய வேண்டும்.

பைக்கில் போகிறவருக்குக் காற்று முகத்தில் அடிப்பதால் வேகம் நன்றாகத் தெரியும். முழு ஹெல்மெட் போட்டால் அது குறையும். அதற்காக ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லவில்லை, மீட்டரைப் பார்க்கச் சொல்கிறேன். மலையில் இறங்கும்போது, அது கொடைக்கானலோ ஆண்டிபட்டிக் கணவாயோ, ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்குவது பழைய டிரைவர்கள் வழக்கம். பிரேக்கையே பிடித்துக்கொண்டு இறங்கினால் அது சூடேறி, தேவைப்படும்போது பிடிக்காமல் போகும்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக

சிவப்பு வட்டத்துக்குள் எழுதியிருக்கும் எண்தான் அந்த இடத்தின் உச்ச வேகம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-வது பிரிவின்படி, 2019 திருத்தத்துக்குப் பிறகு, கார் போன்ற இலகுரக வாகனத்துக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை அபராதம், நடுத்தர, கனரக வாகனங்களுக்கு 2,000 முதல் 4,000 வரை. திரும்பத் திரும்பப் பிடிபட்டால் லைசென்ஸுக்கே ஆபத்து. இதே பிரிவில் அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. வேக வரம்பை மீறாமல் முடிக்கவே முடியாத நேரத்துக்குள் போய்ச் சேரச் சொல்லி ஒரு முதலாளி உத்தரவு போட்டாலோ, அப்படி ஒரு கால அட்டவணை வெளியிட்டாலோ, அதுவே அவர் குற்றம் செய்ததற்கு முதல்கட்டச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படும். டைமிங்குக்காக டிரைவரை விரட்டுகிறவர்களும், டெலிவரிப் பையன்களை நிமிடக் கணக்கில் ஓட வைப்பவர்களும் ஒரு தடவை படித்து வைப்பது நல்லது.

கடைசியாக, நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் இறங்குகிற இடம். கண் நூறுக்குப் பழகியிருக்கும் என்று சொன்னேன் அல்லவா? அது மாறச் சில நிமிடம் எடுக்கும், அந்தச் சில நிமிடத்தில்தான் பள்ளிக்கூட வாசலும் பஸ் ஸ்டாப்பும் வந்துவிடுகின்றன. மாமாவிடம் இதற்கு ஒரு வழி இருந்தது. திருநெல்வேலியிலிருந்து வந்தால் திருமங்கலத்துக்கு முன்னாலேயே ஓரம் கட்டுவார், டீ குடிப்பார், ஐந்து நிமிடம் சும்மா நிற்பார். வீடு இன்னும் இருபது கிலோமீட்டர்தான், இப்போது எதற்கு டீ என்று அத்தை ஒவ்வொரு தடவையும் கேட்பார். "இப்பதான் வேணும்" என்பார் மாமா.